ஸ்தானாபதியா, அப்போஸ்தலரா? ஒரு சொல்லும் முத்துக்குளித்துறையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'அப்போஸ்தொலோஸ்' என்ற சொல் எங்கெல்லாம் வருதுன்னு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதித் தேடினேன். சுமார் 80 இடங்கள் கிடைத்தன. பக்கத்திலேயே புராட்டஸ்டண்ட் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தின் வசனங்களையும் போட்டு வரிசையாகப் படித்தேன். எனக்குக் கிரேக்கம் வராது. அகராதியை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறுகிற ஆள்தான். ஆனால் இந்த விஷயத்தைப் பார்க்க அதுவே போதுமாக இருந்தது.

பெரும்பாலான இடங்களில் தமிழில் 'அப்போஸ்தலர்' என்றே இருக்கிறது. மூன்று இடங்களில் மட்டும் மாறுகிறது. யோவான் 13:16இல் அதே சொல் 'அனுப்பப்பட்டவன்'. 2 கொரிந்தியர் 8:23இலும் பிலிப்பியர் 2:25இலும் அது 'ஸ்தானாபதி'. ஒரே கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் மூன்று சொற்கள். ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இந்த இடங்களில் பெரும்பாலும் இதையேதான் செய்கின்றன. அதனால் நம்ம ஊர் மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

சரி, இதுல என்ன பிரச்சினை? அந்த மூன்று இடங்களில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பாருங்க. பிலிப்பியரில் வருகிறவர் எப்பாப்பிரோதீத்து. பிலிப்பி ஊர்ச் சபையார் பவுலுக்குக் கொடுத்தனுப்பிய உதவியை அவர் சிறையிலிருந்த இடத்துக்குக் கொண்டுபோனவர். போன இடத்தில் நோய்வாய்ப்பட்டு, சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினவர். பவுல் அவரை 'உங்கள் அப்போஸ்தொலோஸ்' என்கிறார். கொரிந்தியரில் வருகிறவர்கள் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையை எடுத்துப்போகச் சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்கள். யோவானில் வருவது பொதுவாக யாராலோ அனுப்பப்படுகிற எவரும்.

அதாவது பெரிய ஆட்கள் வரும் இடத்தில் சொல் அப்படியே நிற்கிறது. சாதாரண ஆட்கள் வரும் இடத்தில் அது மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது. தமிழ் வாசகருக்கு 'அப்போஸ்தலர்' என்பது ஒரு வேலையாகத் தெரிவதே இல்லை, பதவியாகத்தான் தெரிகிறது. கத்தோலிக்கர் சொல்லும் 'திருத்தூதர்' இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை, தூது என்ற வேலை அதில் தெரிகிறது. ஆனால் முன்னால் ஒட்டியிருக்கும் 'திரு' எப்பாப்பிரோதீத்துவை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கிறிஸ்தவர்கள் கையில் எடுப்பதற்கு முன் இந்தச் சொல் எங்கே இருந்தது? துறைமுகத்தில்தான். பழைய ஏதென்ஸில் 'அப்போஸ்தொலோஸ்' என்றால் அனுப்பப்படும் கப்பற்படை அல்லது அந்தப் பயணம். எகிப்தில் கிடைத்த 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்றில், நிதித்துறை விதிகளின் தொகுப்பில், கடல்வழியாக வெளியேற வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டுக்கு இதே பெயர். அது இல்லாமல் போனால் தண்டனை. தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சிகளுக்கு மென்பொருள் எழுதிய எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இன்றைக்கும் கஸ்டம்ஸ் 'போர்ட் கிளியரன்ஸ்' தராமல் எந்தக் கப்பலும் கிளம்ப முடியாது. அந்தக் காகிதத்துக்குச் சொந்தமாக எந்த மதிப்பும் கிடையாது. யார் அனுப்புகிறார்கள், எங்கே போகிறது என்பதில்தான் அதன் மதிப்பு.

முதல் நூற்றாண்டில் யார் அப்போஸ்தலர் என்பதற்கு ஒரே விடை இருக்கவில்லை. அப்போஸ்தலருடைய நடபடிகள் முதல் அதிகாரத்தில், யூதாஸின் இடத்துக்கு வருகிறவர் யோவானின் ஞானஸ்நானம் தொடங்கி இயேசு மேலே எடுத்துக்கொள்ளப்பட்டது வரை கூடவே இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. இதன்படி பவுல் தேறவே மாட்டார். ஆனால் அதே நூல் 14ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் பவுலையும் அப்போஸ்தலர் என்கிறது. 'திதகே' என்ற பழைய சபை ஒழுங்கு நூல் (கையெழுத்துப் படி 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் கிடைத்தது, 1883இல் அச்சானது) வேறொரு சோதனை வைக்கிறது. ஊருக்கு வரும் அப்போஸ்தலர் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினாலோ, கிளம்பும்போது காசு கேட்டாலோ அவர் போலி. பன்னிரண்டு பேர் மட்டும்தான் அப்போஸ்தலர் என்றால் இப்படி ஒரு விதிக்கே வேலை இருந்திருக்காது.

பவுலின் பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பரிந்துரைக் கடிதம் எங்கே என்று கொரிந்து ஆட்கள் கேட்டபோது, நீங்கள்தான் என் கடிதம் என்கிறார். மற்றவர்களுக்கு எப்படியோ, உங்களுக்கு நான் அப்போஸ்தலன், அதற்கு முத்திரை நீங்கள்தான் என்கிறார். அனுப்பினவர் ஒரு பக்கம் இருக்க, சான்று பெற்றுக்கொண்டவர்கள் கையில் இருக்கிறது.

இதை எங்க ஊருக்குக் கொண்டுவருவோம். முத்துக்குளித்துறை வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் பிரான்சிஸ் சவேரியாரிலிருந்து தொடங்குகிறார்கள். அவருக்கு 'இந்தியாவின் அப்போஸ்தலர்' என்று பட்டமும் உண்டு. அவருடைய உழைப்பை நான் குறைக்கவில்லை. 1544இல் மான்சிலாஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் 'வேணும்' என்று இருப்பதை 'விசுவாசம்' என்று மாற்றச் சொல்கிறார். முதலாவது விருப்பத்தைச் சொல்லும் சொல், இரண்டாவதுதான் நம்பிக்கையைச் சொல்லும் சொல் என்று காரணமும் தருகிறார். ஒரு சொல் தப்பினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனால் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542 கடைசியில். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே பரதவர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். அது எப்படி நடந்தது? முத்துக்குளிப்பு உரிமைத் தகராறில் நெருக்கடி முற்றியபோது, ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரியின் யோசனைப்படி, பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அங்கேயே ஞானஸ்நானமும் பெற்றார்கள். பிறகுதான் குருக்கள் கரைக்கு வந்து ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஊர் தேர்ந்தெடுத்து, ஊர் சார்பாகப் போய், ஊருக்கே பதில் சொல்லத் திரும்பின ஆட்கள் அந்தப் பட்டங்கட்டிகள். பிலிப்பியர் 2:25க்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. நம்ம எழுத்தில் அவர்கள் 'உதவி கேட்டுப் போனவர்கள்' என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள்.

அது அரசியல்தானே, மதம் எங்கே இருக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்போது அங்கே சபையே கிடையாது என்பதும் உண்மை. ஆனால் எப்பாப்பிரோதீத்து கொண்டுபோனதும் பொருளுதவிதான். காணிக்கை தூக்கிப்போனவர்களையும் பவுல் அதே சொல்லால்தான் அழைத்தார். காசு ஒரு பக்கம், விசுவாசம் ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைத்த மாதிரி தெரியவில்லை.

சவேரியார் கையில் அவரை நுன்சியோவாக, அதாவது போப்பின் தூதராக, நியமித்த ஆணைகள் இருந்தன. கோவா ஆயரிடம் அவற்றைக் காட்டினார். கிளியரன்ஸ் பக்காவாக இருந்தது. ஆனால் கரையில் அவர் தொடர்ந்து வேலை செய்தது இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அவர் போன பிறகு ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்து, குழந்தைகளைக் கூட்டி, சாகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஊர்க் கணக்கப்பிள்ளைகள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்காக, போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கு இந்தக் கரையிலிருந்து போன 4000 பணத்தைக் கேட்டு வாங்கியவர் சவேரியாரே. யார் இல்லாமல் இந்த வேலை நிற்காது என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நாம்தான் அந்தக் கணக்கை மறந்துவிட்டோம்.

என் வாதம் சவேரியாரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்குவதற்காக இல்லை. பவுல் சொன்ன அளவுகோலில் அவருடைய முத்திரை இந்தக் கரை மக்கள். முத்திரையை விட்டுவிட்டுக் கடிதத்தை மட்டும் படித்தால் கதை பாதிதான் கிடைக்கும். அனுப்பப்பட்டவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள், நாம் பெற்றுக்கொண்டோம் என்றே சொல்லிப் பழகிய ஊர், தானும் ஆள் அனுப்பிய ஊர் என்பதை மறந்துவிடுகிறது.

ஒரு சின்ன யோசனை. அடுத்த முறை பிலிப்பியர் 2:25 படிக்கும்போது 'ஸ்தானாபதி' பக்கத்தில் பென்சிலால் 'அப்போஸ்தலன்' என்று எழுதிப் பாருங்க. நான் எழுதிட்டேன். அதே பக்கத்தின் ஓரத்தில் 'பட்டங்கட்டிகள், கொச்சி' என்றும் குறித்து வைத்திருக்கிறேன்.