காலம் அறிந்த அடுக்களை: இங்கிலாந்தின் ஞாயிறு ரோஸ்ட்

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவு என்றாலே அது பெரும்பாலும் ரோஸ்ட்டைத்தான் குறிக்கும். மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றுள் ஒன்றின் இறைச்சியைச் சிறுசிறு துண்டுகளாக்காமல் ஜாயிண்ட் எனப்படும் பெருந்துண்டாகவே ஓவனின் வறண்ட வெப்பத்தில் வாட்டி, பரிமாறும் வேளையில் கத்தியால் தகடு தகடாக அரிந்து, கொழுப்பில் மொறுமொறுப்பாக்கிய உருளைக்கிழங்கு, பருவத்துக்குரிய காய்கள், இறைச்சிச் சாற்றில் காய்ச்சிய கிரேவி ஆகியவற்றோடு ஒரே தட்டில் வைப்பது அதன் அமைப்பு. கேட்க எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்குள் கடுமையான நிபந்தனை ஒன்று அடங்கியிருக்கிறது. தட்டில் சேரும் ஒவ்வொன்றுக்கும் வேகும் காலம் வேறு, வெப்பம் வேறு. ஆயினும் எல்லாம் ஒரே வேளையில் பக்குவத்தை எட்டியாக வேண்டும், எட்டிய பக்குவமோ அரைமணி நேரம்கூட நிலைப்பதில்லை. ஆகவே ஞாயிறு விருந்துக்கு நல்ல பப்பையோ உணவகத்தையோ நாடுபவர் உண்மையில் தேடுவது நேரத்தை ஆளத் தெரிந்த ஓர் அடுக்களையைத்தான்.

ரோஸ்ட்டின் பழைய முறை இன்றைய ஓவனில் நடப்பதன்று. திறந்த நெருப்பின் முன்னே இறைச்சியை இரும்புக் கம்பியில் கோத்து, ஒரு பக்கம் கருகிவிடாதபடி இடைவிடாமல் சுழற்றி வாட்டுவதே அக்காலத்து ரோஸ்ட். சுழற்றும் வேலையைச் செய்யச் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர்; சில வீடுகளில் சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் ஓடவிடப்பட்ட குட்டைக்கால் நாய்கள் அதைச் செய்தன. அந்த நாயினம் அற்றுப்போய்விட்டது. பாடம் செய்யப்பட்ட ஒரு நாய் மட்டும் வேல்ஸ் நாட்டு ஆபர்கவெனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1748-இல் இங்கிலாந்துக்கு வந்த பேர் கால்ம் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர், பெருந்துண்டு இறைச்சியை வாட்டும் கலையில் ஆங்கிலேயருக்கு இருந்த தேர்ச்சியைத் தம் பயணக் குறிப்புகளில் தனித்துப் பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டில் ஓவியர் வில்லியம் ஹோகார்த், பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் ஆங்கிலேயர் விடுதிக்குச் சுமந்து செல்லப்படும் மாபெரும் மாட்டிறைச்சித் துண்டை நடுவில் வைத்துத் தீட்டிய ஓவியம், இவ்வுணவு அந்த நாட்டின் தன்மதிப்போடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

வீட்டில் ஓவன் இல்லாத நகர ஏழைகளுக்கு ரொட்டிக் கடையின் அடுப்பே கைகொடுத்தது. ஞாயிறு காலையில் இறைச்சியையும் கிழங்கையும் தட்டத்தில் வைத்துக் கடையில் கொடுத்துவிட்டு, வெந்ததும் வீட்டுக்கு எடுத்துவருவர். 1843-இல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ நூலில் தெருவெங்கும் மக்கள் தத்தம் உணவை இப்படிக் கடைக்குக் கொண்டுபோகும் காட்சி வருகிறது. சமயக் கட்டுப்பாட்டின் பெயரால் ஞாயிறன்று இக்கடைகளை மூட முனைந்தவர்களை டிக்கன்ஸ் கடுமையாக எதிர்த்தார். வாரத்தில் ஒரு நாளாவது சூடான நல்லுணவு கிடைக்கும் உரிமை உழைப்பவருக்கு உண்டு என்று அவர் கருதினார். இந்த வரலாற்றை மனத்தில் கொண்டால், ஞாயிறு ரோஸ்ட் வீட்டுக்கு வெளியே சமைக்கப்படுவது ஏதோ அண்மைக்கால மாற்றம் என்ற எண்ணம் எழாது.

பப் என்பது மது விற்கும் உரிமம் பெற்று, ஊரார் கூடிப் பேசும் இடமாக விளங்கும் விடுதி. முதல் உலகப்போர்க் காலத்தில் வந்த கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியாக, பிற்பகலில் பப்புகள் மூடப்பட வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. ஞாயிறு நண்பகலில் அவை திறந்திருந்த நேரமும் குறுகியது. அக்காலத்தில் ஆண்கள் நண்பகலில் பப்புக்குச் சென்று ஒன்றிரண்டு கோப்பை பீர் அருந்திவிட்டு, கதவு அடைக்கும் நேரத்தில் வீடு திரும்பி, மனைவி சமைத்துவைத்த ரோஸ்ட்டின் முன் அமர்வது பல குடும்பங்களின் வழக்கம். அடுப்படியில் நின்றவரின் உழைப்பை நினைத்தால் அவ்வழக்கத்தைப் போற்ற இயலாது; ஆனாலும் பப் அடைக்கும் மணியே வீட்டுச் சமையலுக்குக் கெடுவாக அமைந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மற்ற கிழமைகளில் நாள் முழுவதும் திறக்க வழிவிட்டது. ஞாயிற்றுக்கு அந்தத் தளர்வு 1995-இல்தான் வந்தது. இடையில், 1989-இல் வந்த அரசாணைகள் பெரும் மதுவாலை நிறுவனங்கள் தம் பிடியில் வைத்திருந்த பப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தமையால், பல கட்டடங்கள் சமையலில் நாட்டமுள்ள புதியவர்களின் கைக்கு வந்தன. அவ்வாறு 1991-இல் லண்டனின் ஃபாரிங்டன் சாலையில் மைக்கேல் பெல்பனும் டேவிட் அயரும் தொடங்கிய ‘தி ஈகிள்’, உணவுக்கு முதலிடம் தரும் பப்பாகிய கேஸ்ட்ரோபப் என்ற வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இந்த விடுதலையில் ஓர் இழப்பும் உண்டு. நேரக் கட்டுப்பாடு இருந்தவரை ரோஸ்ட்டுக்கு ஒரே ஒரு வேளைதான் இருந்தது; கதவுகள் நாள் முழுவதும் திறந்த பிறகு, நண்பகல் முதல் இரவு வரை ரோஸ்ட் கிடைக்கும் என்று அறிவிக்கும் பப்புகள் பெருகின. காலையில் வாட்டிய இறைச்சியை மாலையில் சூடான கிரேவியில் தோய்த்து உயிரூட்ட முயல்வதைவிட அதை அன்று விற்காமலே இருப்பது மேல்.

மாட்டிறைச்சியில் விலா எலும்போடு கூடிய முன்முதுகுத் துண்டும், முதுகின் பின்பகுதியான சர்லாயினும் உயர்ந்தவை. எலும்போடு மாட்டிறைச்சி விற்பதை அரசு 1997 டிசம்பரில் மாட்டுநோய் அச்சத்தால் தடைசெய்து, 1999 டிசம்பரில்தான் விலக்கிக்கொண்டது. அந்த இரண்டு ஆண்டுகள் ரோஸ்ட் ரசிகர்களுக்கு வறட்சிக் காலமாகவே கழிந்தன. ஹியர்ஃபர்ட், அபர்டீன் ஆங்கஸ், லாங்ஹார்ன் போன்ற இனத்து மாடுகளின் இறைச்சியைக் குளிரறையில் சில வாரம் தொங்கவிட்டு நீர் வற்றவைத்தால் சுவை செறியும், தசையும் மிருதுவாகும். ஆயினும் எத்தனை நல்ல இறைச்சியையும் அடுப்பிலிருந்து எடுத்த உடனே அரிந்தால் கெட்டுவிடும். வெளியே எடுத்த பின்னும் உள்வெப்பம் சில பாகை ஏறிக்கொண்டே போய்ப் பிறகுதான் இறங்கும். அந்த இடைவெளியில் சாறு சற்றே கெட்டியாகித் தசைக்குள் தங்குவதால், அரியும்போது பலகையில் ஓடிவிடாது. இப்படி ஆறவிடுவதை ஆங்கிலச் சமையற்காரர்கள் இறைச்சிக்கு ஓய்வு கொடுப்பது என்பர். ஓய்வு பெற்ற மாட்டிறைச்சித் தகடு ஓரம் முதல் நடுவரை ஏறத்தாழ ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும்; ஓரத்தில் சாம்பல் நிறமும் நடுவில் மட்டும் சிவப்புமாக இருந்தால் அடுப்பு அவசரப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

மாட்டிறைச்சிக்கு உரிய துணை யார்க்‌ஷயர் புட்டிங். பெயரைக் கண்டு இனிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. முட்டை, பால், கோதுமை மாவு மூன்றும் சேர்ந்த நீர்த்த கரைசலை, புகையும் அளவுக்குக் காய்ந்த கொழுப்பில் ஊற்றி ஓவனில் எழுப்புவது இது. கரைசலில் உள்ள நீர் ஆவியாகி மேலெழ முயலும்போது முட்டையும் மாவும் இறுகிச் சுவராகின்றன. பூரி உப்புவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இடையில் ஓவன் கதவைத் திறந்தால் எழுந்தது அமுங்கிவிடும். 1747-இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல் இதனை யார்க்‌ஷயர் பெயரால் குறிப்பிட்டு, வாட்டப்படும் இறைச்சியின் அடியில் வைத்து, சொட்டும் கொழுப்பை அதன்மேல் விழச்செய்யும் முறையை விளக்குகிறது. யார்க்‌ஷயர் வீடுகளில் இதை இறைச்சிக்கு முன்பே கிரேவியோடு பரிமாறுவது பழைய வழக்கம்; மலிவான மாவில் வயிறு ஓரளவு நிறைந்துவிட்டால், விலைமிக்க இறைச்சி எல்லாருக்கும் எட்டும். நான்கு அங்குல உயரமாவது எழாதது யார்க்‌ஷயர் புட்டிங் ஆகாது என்று 2008-இல் ராயல் வேதியியல் கழகம் அறிவித்தது. உயரத்தைக் காட்டிலும் அடிப்பகுதியே பெரிது என்பது இதில் தோய்ந்தவர் கண்ட உண்மை. மேலே முறுகிய சுவர், அடியில் கொழுப்பின் மணத்தோடு சற்றே மெத்தென்ற குழி, அந்தக் குழியில் தேங்கும் கிரேவி என மூன்றும் அமைந்ததே முழுமையானது.

தட்டில் உண்மையைச் சொல்லிவிடும் பொருள் உருளைக்கிழங்கு. இறைச்சியை உயர்ந்த இடத்தில் வாங்கிப் பாதிப் பெருமையைப் பணத்தால் பெறலாம். கிழங்கில் அந்த வழி இல்லை. மாவுத்தன்மை மிகுந்த மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் போன்ற வகைகளைத் தோல்சீவி, உப்பு நீரில் விளிம்பு குழையும்வரை வேகவிட்டு, நீரை வடித்து, பாத்திரத்தை மூடிக் குலுக்கினால் மேற்பரப்பு சொரசொரப்பாகும். அதைச் சற்று நேரம் ஆவி போக விட்டு, காய்ந்த மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ புரட்டி வாட்டினால் அந்தச் சொரசொரப்பே பொன்னிற ஓடாக மாறும். இந்த ஓடு உட்புற ஈரத்தால் வெகு விரைவில் நமத்துவிடுகிறது. முன்கூட்டியே செய்து விளக்கின் சூட்டில் வைத்த கிழங்கு கத்தி பட்டவுடன் தோல்போல் இழுபடும். அப்போது எடுத்த கிழங்கோ ஓசையோடு உடையும். ஒரு பப்பின் ஞாயிறு ரோஸ்ட்டை மதிப்பிட ஒரே ஒரு வாய்தான் உண்ணலாம் என்றால், அந்த வாய் கிழங்குக்கே உரியது.

கிரேவியிலும் இதே பொறுமை வேண்டும். வாட்டிய தட்டத்தின் அடியில் ஒட்டிய பழுப்புப் படிவை எலும்புச் சாறு ஊற்றிச் சுரண்டிக் கரைத்து, கொழுப்பை நீக்கி, சுண்டவைப்பதே முறை. 1908 முதல் விற்பனையில் உள்ள பிஸ்டோ போன்ற தூள்கள் வீடுகளில் வேலையை எளிதாக்கின. ஆனால் விலை கொடுத்து உண்ணும் இடத்தில் தூளின் ஒரே மாதிரியான வழவழப்பு தெரிந்தால் அது குறைதான். சைவ உணவினர் கவனிக்க வேண்டிய செய்தியும் இங்கே இருக்கிறது: கொட்டைப் பருப்புகளை அரைத்துச் செய்யும் நட் ரோஸ்ட் இன்று பல பப்புகளில் கிடைத்தாலும், உடன் வரும் கிழங்கு மாட்டுக் கொழுப்பில் வாட்டியதாகவும் கிரேவி எலும்பில் காய்ச்சியதாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் தனியே செய்து தரும் பப் தன் விருந்தினர் அனைவரையும் மதிக்கிறது.

ஒவ்வோர் இறைச்சிக்கும் மரபு வகுத்த தொடுகறி உண்டு: ஆட்டிறைச்சிக்குப் புதினாவும் வினிகரும், பன்றிக்கு ஆப்பிள் மசியல், கோழிக்குப் பாலில் ஊறிய ரொட்டிக் குழம்பு, மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ் என்னும் கார வேர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வேரைத் துருவியவுடன் மூக்கில் ஏறும் காரம் காற்றில் விரைந்து கலைந்துவிடுவதால், அன்றன்று துருவிப் பாலேட்டில் கலப்பதுதான் சிறப்பு. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இவ்வேர் கிடைக்காத குறையை முருங்கை வேரால் நிறைவு செய்துகொண்டனர். முருங்கை மரத்துக்கு ஆங்கிலத்தில் ஹார்ஸ்ராடிஷ் மரம் என்ற பெயர் அதனால் அமைந்தது.

இனி, தேடும் வழி. இறைச்சி இரண்டு அல்லது மூன்று வகைக்குமேல் எழுதாத பலகை நல்ல அறிகுறி. ஆறேழு வகையை நாள் முழுதும் தரும் இடத்தில் எதுவும் அப்போது அடுப்பிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. விளக்கின் அடியில் இறைச்சிகளை வரிசையாக வைத்து வேண்டியதை அரிந்து தரும் கார்வரி முறையில் மலிவும் தாராளமும் உண்டு, குடும்பங்களுக்கு அது உதவும், ஆனால் அங்கே இறைச்சியின் பக்குவம் வருபவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு பேர் அல்லது நால்வர் பகிர்ந்துண்ணும் முழுத் துண்டை முன்பதிவின் பேரில் வாட்டித் தரும் இடங்கள் மிக நம்பத்தக்கவை, ஏனெனில் அடுப்பில் வைக்கும் நேரத்தை அங்கே விருந்தினர் வரும் நேரமே முடிவு செய்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மாட்டிறைச்சி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் பப்பைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. அடுத்த ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு அங்கேயே இடம் பிடிப்பது அறிவுடைமை.

லண்டனில் ஹாக்ஸ்மூர் உணவகம் மாட்டிறைச்சியை முதலில் கரியடுப்பில் புகைமணம் ஏற்றிப் பின் ஓவனில் முடிக்கிறது. பழைய திறந்த நெருப்பையும் புதிய ஓவனையும் இணைக்கும் அந்த முறையும், எலும்பு மஜ்ஞை சேர்த்த அதன் கிரேவியும் பெயர்பெற்றவை. பிளாக்லாக் உணவகம் மாடு, ஆடு, பன்றி மூன்றையும் தணலில் வாட்டி, மேசை முழுவதற்கும் ஒரே தாம்பாளத்தில் குவித்துத் தருகிறது. ஃபுல்ஹமில் உள்ள ஹார்வுட் ஆர்ம்ஸ், மிஷெலின் நட்சத்திரம் பெற்ற பப். மான் போன்ற வேட்டை இறைச்சிகளைக் கையாள்வதில் அதற்குத் தனித்தேர்ச்சி உண்டு. டாம் கெரிட்ஜ் 2005-இல் மார்லோவில் தொடங்கிய ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ், இரண்டு மிஷெலின் நட்சத்திரம் பெற்ற முதல் பப். இவற்றின் தேர்ச்சியில் ஐயமில்லை. எனினும் ரோஸ்ட்டின் உண்மையான இருப்பிடம் ஊர்ப்புற பப்புதான் என்பதை மறந்துவிடலாகாது; அருகிலுள்ள கசாப்புக்காரரை நம்பி வாங்கும் சமையற்காரரும், பெயர் சொல்லி அழைக்கப்படும் வாடிக்கையாளர்களும் உள்ள இடத்தில் ஒரு ஞாயிறு தவறினாலும் திங்களன்று ஊர் பேசிவிடும்.

அந்தத் திங்கட்கிழமையின் உணவுப் பலகையும் படிக்கத்தக்கது. மிஞ்சிய ஆட்டிறைச்சியைக் கொத்தி, மேலே கிழங்கு மசியல் பரப்பி வாட்டிய ஷெப்பர்ட்ஸ் பை, முட்டைக்கோசையும் கிழங்கையும் பிசைந்து வறுத்த பபுள் அண்ட் ஸ்க்வீக், குளிர்ந்த மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச் ஆகியவை அதில் எழுதப்பட்டிருந்தால், முந்தைய நாள் அந்த அடுக்களைக்கு வந்தது பையில் அடைத்த தகடுகள் அல்ல, முழுத் துண்டுகள் என்று துணிந்து, அடுத்த ஞாயிற்றுக்கு மேசை ஒன்றை அப்போதே பதிவு செய்துவிடலாம்.