மந்திரமும் மறதியும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீடொன்றின் கணினி முன் மந்திரவாதிப் பாத்திரமேற்று விளையாடும் தமிழ் இளைஞனுக்கு, கற்ற மந்திரம் மறந்துபோவது புதுமையன்று. போர்க்களத்தில் பிரமாத்திர மந்திரத்தை மறந்த கர்ணனை அவன் அறிவான். 1998இல் வெளிவந்த ‘பல்டூர்ஸ் கேற்’ விளையாட்டில் ஏவிய மந்திரம் நினைவினின்று அழியும். ஓய்வெடுத்தே மீளப் பெறலாம். ஜக் வான்ஸின் 1950ஆம் ஆண்டுக் கதைகளிலிருந்து 1974இன் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ எடுத்தாண்ட விதி இது. பரசுராமர் சாபத்தாற் கர்ணன் இழந்தது மீளவேயில்லை. இங்கோ ஓரிரவு உறக்கம் போதும். எனினும் எம்மந்திரத்தை எப்பகைக்கென ஒதுக்குவது என்னும் தவிப்பேனும் எஞ்சுகிறது. 2011இன் ‘ஸ்கைரிம்’ அதனையும் நீக்கிற்று. காட்சிப் பொலிவில் அதுவே மேம்பட்டது, ஐயமில்லை. ஆயின் அங்கு அம்பு தீர்ந்தால் தேடியலைய வேண்டும். மந்திர ஆற்றலோ சற்றுப் பொறுத்தால் தானே ஊறிவிடும்.