எல்எஸ்: வேண்டிய கோப்பு மட்டும் கண்ணில் பட

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபச் சிற்பங்களின் படங்கள், குறிப்புகள், பிடிஎஃப்கள், தற்காலிகக் கோப்புகள் எல்லாம் என் மடிக்கணினியில் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் வந்த கணினி அது. சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் புதிய பதிப்பை ஏற்றியிருக்கிறேன். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையை டெர்மினலில் வெறுமனே அடித்தால் பட்டியல் திரையைத் தாண்டி ஓடுகிறது.

'எல்எஸ் ரதி*' என்றால் ரதி சிலையின் படங்கள் மட்டும் வருகின்றன. தமிழ்ப் பெயர் என்பதால் எந்தத் தடையும் இல்லை. எழுத்துக் குறியீடாக யுடிஎஃப்-8 மட்டும் அமைந்திருக்க வேண்டும். மொழி அமைப்பை 'சி' என்று மாற்றினால் 'ர' இருந்த இடத்தில் \340\256\260 என்று எண்கள் நிற்கும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த நட்சத்திரக் குறியை எல்எஸ் பார்ப்பதே இல்லை. நாம் அடிக்கும் கட்டளையை முதலில் வாங்கிப் படிக்கும் ஷெல்தான் பொருந்தும் பெயர்களைப் பொறுக்கி அதன் கையில் கொடுக்கிறது. 'ரதி' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதன் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டுவது இதனால்தான். சின்ன எழுத்து '-டி' சேர்த்தால் பெயரோடு நின்றுவிடும். கேமரா பெரிய எழுத்தில் '.ஜேபிஜி' என்று பெயர் வைத்திருக்க, சின்ன எழுத்தில் தேடினால் ஒரு படமும் அகப்படாது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. பாஷ் ஷெல்லில் 'நோகேஸ்குளோப்' வசதியை இயக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

வேண்டாததை விலக்குவது எல்எஸ்ஸின் சொந்த வேலை. பெரிய எழுத்து '-ஐ' போட்டு, '*.டிஎம்பி' என்பதை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். குறி இல்லாவிட்டால் ஷெல் முந்திக்கொண்டு அந்த நட்சத்திரத்தை விரித்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த வசதி இதுதான். படங்களைத் தரம் பிரிக்கும்போது குப்பை கண்ணில் படாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி!

புள்ளியில் தொடங்கும் கோப்புகள் தாமாகவே மறைந்திருக்கும். யூனிக்ஸின் தொடக்கத்தில் '.', '..' என்ற இரண்டை மட்டும் மறைக்க நினைத்துக் குறுக்குவழியில் எழுதிய நிரலின் விளைவு அது என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-ல் எழுதினார். பெரிய எழுத்து '-ஏ' கொடுத்தால் அந்த இரண்டைத் தவிர மறைந்தவை எல்லாம் தெரியும்.

ஒரே ஃபோல்டர் என்றால் எல்எஸ் தாராளமாகப் போதும். உள் ஃபோல்டர்களிலும் துழாவிப் பெயர், தேதி, அளவு பார்த்துப் பிரிக்க வேண்டுமென்றால் 'ஃபைண்ட்' கட்டளைக்குப் போய்விடுங்கள்.