ஊராத்துறையில் ஒரு கப்பல் உடைகிறது

யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. நயினாதீவில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இப்படி விதிக்கிறது. வெட்டுவித்தவன் 1153 முதல் 1186 வரை பொலனறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்றும் அதே கல் சொல்லுகிறது. ஊராத்துறை என்றால் எங்கள் ஊர்காவற்றுறைதான். கா. இந்திரபாலா 1963இல் இந்தச் சாசனத்தைப் பற்றி விரிவாக எழுதினார்.

இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எண்ணூறு வருசத்துக்கு முந்திய அரசாணை ஒன்று, நான் உயிராக நேசிக்கும் விளையாட்டுக்கு ஒரு முழு இரவுக்கான கதையை அப்படியே கையில் தந்துவிட்டது!

விளையாட்டு எது என்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார்; எங்கள் மேசையில் அவருக்குப் பெயர் அண்ணாவியார். மற்ற ஒவ்வொருவரும் ஓர் ஆளாக மாறிவிடுவார்கள். ஒருவர் சம்மாட்டி, ஒருவர் பரிகாரி, ஒருவர் வீட்டை விட்டு ஓடிவந்த பெடியன், ஒருவர் குதிரை பழக்கும் பெண். அண்ணாவியார் இடத்தையும் பொழுதையும் வரப்போகும் ஆபத்தையும் சொல்லி, "இப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கேட்பார். இந்த விளையாட்டின் உயிர் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கதவை உடைக்கலாம், காவல்காரனோடு கதைத்து மனம் மாற்றலாம், கடலில் குதிக்கலாம். காரியம் கடினம் என்றால் கட்டை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணின்படி கதை திரும்பும். எழுதிவைத்த வசனம் கிடையாது. முடிவு என்னவென்று அண்ணாவியாருக்கே தெரியாது. கூத்துக்குப் பேர்போன மெலிஞ்சிமுனைப் பக்கம் வளர்ந்த ஒரு பெரியவர் எங்களோடு ஒருநாள் வந்து இருந்தார். விடியப்புறம் வரை எழும்பவே இல்லை.

1974இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. செய்தவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகள்தான். அரை நூற்றாண்டில் அது உலகம் முழுக்கப் பரவி, அதன் வழியில் எத்தனையோ விளையாட்டுகள் பிறந்துவிட்டன. ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வந்த மச்சான் ஒருவன் அந்தப் புத்தகத்தை வேலணை வீட்டு விறாந்தையில் விரித்துவைத்த இரவோடு என் பொழுதுகள் வேறாகிப்போயின.

அந்த விளையாட்டில் அடிக்கடி வேண்டியது இருபது முகக் கட்டை. எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை. அதற்காக விளையாட்டு நிற்பதில்லை. காட்ஸ் கட்டில் ராசா, ராணி, ஜாக் மூன்றையும் கழித்தால் நாற்பது மிஞ்சும். சிவப்பு இழுத்தால் உள்ள எண். கறுப்பு இழுத்தால் அதோடு பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இருபது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு காட்ஸ் அமையும். இழுத்ததைத் திரும்பச் செருகிக் கலைத்தால் கணக்கு அச்சொட்டாக இருபது முகக் கட்டையின் கணக்கேதான். நாலு முகக் கட்டை வேண்டுமா? அம்மம்மாவின் பித்தளைத் தாயக்கட்டை இருக்கவே இருக்கிறது. 304 அடிக்கும் ஊர் இது. லாச்சியைத் திறந்தால் பழைய காட்ஸ் கட்டு ஒன்று கிடக்காத வீடு எங்கே இருக்கிறது?

கப்பலுக்கு வருகிறேன். வாடைக்காற்று வீசும் மார்கழி இரவு. ஊராத்துறையை நோக்கி வந்த மரக்கலம் ஒன்று கரைக்குக் கிட்ட அடித்து உடைகிறது. உள்ளே குதிரைகள். அதோடு பட்டும் மிளகும். இப்போது எந்த விதி செல்லும்? நாலில் ஒன்றா, பாதிக்குப் பாதியா? கல்லில் கலப்புச் சரக்கைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இந்த முடிச்சைப் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு நிறைகிறது. சட்டம் படிக்கும் மச்சாள் அரச அதிகாரி. பட்டையும் மிளகையும் தனியாகப் பிரித்து நிறுக்க வேண்டும் என்று நின்றாள். தம்பி வணிகன். குதிரைக்குத்தான் கப்பலே வந்தது, மற்றதெல்லாம் குதிரைக்குத் துணையாக வந்த சாமான் என்று வாதாடினான். இருவரும் மாறி மாறி மடக்கிக்கொண்டிருக்க, அதுவரை வாயே திறக்காத மாமி மெல்லக் கேட்டா: "குதிரையளை நடுச்சாமத்தில கடலுக்க இறங்கி இழுத்துக் கரையேத்தினது ஆர்? நாங்கள். எங்கட பங்கு எங்க?"

அவா எடுத்திருந்தது கரையோரத்து மீனவப் பெண்ணின் பாத்திரம். அரசனுக்கும் உடையவனுக்கும் பங்கு சொன்ன விதியில் ஊராருக்குப் பங்கு எழுதப்படவில்லை. விறாந்தையில் சத்தம் இல்லை. மாமி இழுத்த காட்ஸ் கிளாவர் பத்து. இருபது! அதிகாரி இறங்கிவந்தாள், ஊருக்கு ஒரு பெட்டைக்குதிரை கிடைத்தது. நெடுந்தீவின் மட்டக்குதிரைகளைச் சரித்திரம் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தோடு சேர்த்துச் சொல்கிறது. எங்கள் மேசையின் சரித்திரத்தில் அவை மாமி வென்ற குதிரையின் வழிவந்தவை. பள்ளிக்கூடத்தில் கல்வெட்டுகளை மனப்பாடம் செய்த தம்பி, அன்றைக்குத்தான் ஒரு கல்வெட்டோடு சண்டை பிடித்தான். சரித்திரம் படிப்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தீவகம் இந்த விளையாட்டுக்கென்றே கடலில் போட்டுவைத்த நிலம் என்று நான் அடித்துச் சொல்வேன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி எடுக்கக் கடலோடி வரும் மீகாமனையும் அவனை வழிமறிக்கும் வெடியரசனையும் பற்றிய கதை கண்ணகி வழக்குரையில் இருக்கிறது. அந்த வெடியரசனின் பெயரில் நெடுந்தீவில் இடிந்த கோட்டை ஒன்று நிற்கிறது. மணிமேகலை தெய்வத்தால் தூக்கி வரப்பட்டு, முற்பிறப்பு உணர்ந்து, அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்லும் அறிஞர்கள் பலர். ஒரு பெண், தெரியாத தீவு, பேசும் காவல் தெய்வம், கோமுகிப் பொய்கையிலிருந்து மேலெழும் பாத்திரம். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் இன்று இருந்திருந்தால் எழும்பி எங்கள் அண்ணாவியார் கதிரையை அவருக்குக் கொடுத்திருப்பேன்! ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நாலு பக்கமும் கடல் சூழக் கடற்கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. உள்ளே போவது எப்படி, வெளியே வருவது எப்படி என்று ஒரு துண்டு பேப்பரில் வரைந்துவிட்டால் மூன்று இரவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

வாளும் மந்திரமும் இல்லாத விளையாட்டும் உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதில்தான் இருக்கிறது: ஏவரி ஆல்டர் செய்து 2013இல் வந்த ‘த குவைட் இயர்’. அண்ணாவியார் கிடையாது. ஒரு பெரிய வெள்ளைத் தாள், ஒரு காட்ஸ் கட்டு, சில கட்டைகள். நீண்ட சண்டை ஒன்று முடிந்திருக்கிறது. மிஞ்சிய சனத்துக்கு ஒரு வருசம் அமைதி கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வருசத்தில் அவர்கள் ஊரை எப்படிக் கட்டியெழுப்பினார்கள் என்பதுதான் கதை. ஒவ்வொரு காட்ஸும் ஒரு கிழமை. நாலு இனமும் நாலு பருவம். கிணறு வெட்டத் தொடங்கினால் இத்தனை கிழமை வேலை என்று ஒரு கட்டையை அந்த இடத்தில் வைத்து, கிழமைக்குக் கிழமை எண்ணைக் குறைப்போம். கூட்டம் கூடிக் கதைக்கும்போது ஒருவர் ஒருமுறைதான் வாய் திறக்கலாம். மனத்தாங்கல் வந்தால் ஒரு வில்லையை எடுத்து முன்னால் வைக்கலாம். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. இசுப்பேட் ராசா வரும் கிழமை ஆட்டம் முடிந்துவிடும்.

நாங்கள் தாளில் நெடுந்தீவை வரைந்தோம். எது ஏராளம், எது பற்றாக்குறை என்று முதலில் சொல்ல வேண்டும். ஏராளம் முருகைக்கல், அதைத்தானே அங்கே வேலியாகவே அடுக்கியிருக்கிறார்கள். பற்றாக்குறை நல்ல தண்ணீர், படகு, ஆசிரியர். பருவங்களை வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று மாற்றிக்கொண்டோம். ஆட்டம் போகப் போகத் தாளில் கிணறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பெருக்கமரத்தடியில் சந்தை வந்தது, சந்தையில் சண்டையும் வந்தது. குறிகட்டுவானுக்குப் போட் ஓடாத சோளகக் கிழமையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நோ எடுத்தால் என்ன செய்வது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். தீவில் பிறந்தவர்களுக்கு அது கற்பனை இல்லை. எந்தத் தேசத்திலோ இருந்து ஒருவர் செய்த விளையாட்டு எங்கள் வீட்டுக் கவலையை இவ்வளவு மரியாதையோடு மேசைக்குக் கொண்டுவந்ததே என்று நான் வியந்துபோனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலைக் கதையில் கொண்டுவரும்போது எங்கள் மேசை கவனமாக இருக்கும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டதை மறந்த குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஜோன் ஸ்டாவ்ரொபொலஸ் என்பவர் இப்படியான விளையாட்டுகளுக்கு ஓர் அருமையான வழக்கத்தைத் தந்திருக்கிறார். மேசை நடுவில் ‘எக்ஸ்’ போட்ட ஒரு மட்டை கிடக்கும். எவராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. படகுக் காட்சி ஒன்றில் எங்கள் வீட்டுப் பெரியம்மா அதைத் தொட்டா. அண்ணாவியார் ஒன்றும் சொல்லாமல் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, தேத்தண்ணி ஊத்தி வைத்த ஒரு வீட்டுக்குள் எல்லாரையும் கூட்டிப்போனார். அதற்குப் பிறகும் பெரியம்மா எழும்பிப் போகவில்லை, தொடர்ந்து விளையாடினா. இந்த விளையாட்டின் மேல் எனக்கு இருந்த விருப்பம் மதிப்பாக மாறியது அன்றைக்குத்தான்.

இனி எங்களுக்கான செய்தி. ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இப்போது ஹாஸ்ப்ரோவின் துணை நிறுவனமான விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்டிடம் இருக்கிறது. மற்றவர்கள் அதன் விதிகளை எடுத்துத் தங்கள் கதைகளை வெளியிட 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு திறந்த உரிமம் இருந்தது. 2023 சனவரியில் அதை இறுக்கப் போகிறார்கள் என்ற வரைவு வெளியில் கசிந்தது. உலகம் முழுவதும் விளையாடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள். மாதம் முடிவதற்குள் நிறுவனம் பின்வாங்கியது. அதற்கும் மேலாக, அடிப்படை விதித்தொகுப்பையே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. 2025 ஏப்ரலில் புதிய விதிகளின் தொகுப்பும் அதே உரிமத்தில் வந்தது. மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். எவரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் நிறுவனமே தந்துவிட்டது. தமிழில் செய்ய எவரிடமும் அனுமதிக்கு நிற்க வேண்டியதில்லை. இதைவிட நல்ல செய்தி எங்களுக்கு வேறென்ன வேண்டும்!

எங்கள் கதைகளுக்கு வெளியில் இடம் கிடைக்குமா என்று தயங்க வேண்டாம். 2022இல் அந்த நிறுவனமே வெளியிட்ட ‘ஜேர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’ நூலில், கொல்கத்தாவில் பிறந்த மிமி மொண்டல் வங்காள ஆற்றங்கரைச் சாயலில் ஒரு கதை எழுதியிருக்கிறார். வங்காளத்து ஆறு போன இடத்துக்கு வெடியரசனின் கடலும் போகும்.

ஆகவே கேட்கிறேன். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஆசிரியர்களே, பல்கலைக்கழகப் பிள்ளைகளே, அந்த விதித்தொகுப்பை ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துத் தமிழில் கொண்டுவாருங்கள். முழுவதும் வேண்டாம், ஆளை உருவாக்குவதும் கட்டை உருட்டுவதும் பற்றிய பக்கங்களே தொடங்கப் போதும். சனசமூக நிலையங்களை நடத்துபவர்களே, பத்திரிகை வாசிக்கும் அந்த நீட்டு மேசையை ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுங்கள். காட்ஸ் கட்டும் பென்சிலும் அவர்களே கொண்டுவருவார்கள். வேலணைப் பக்கம் தொடங்குவதாக இருந்தால் முதல் இரவுக்கு அண்ணாவியாராக நான் வருகிறேன்.