கட்டளை வரிச் செய்தியனுப்பல்: ரைட் முதல் கூடங்குளம் வரை

ஒரே கணினியையோ ஒரே வலையமைப்பையோ பயன்படுத்தும் ஒருவர், தனிச் செயலி எதையும் திறக்காமல், முனையத்தில் ஒரு கட்டளையைத் தட்டி இன்னொருவரின் திரையில் உடனே சொற்களைத் தோன்றச் செய்வதே கட்டளை வரிச் செய்தியனுப்பல். யுனிக்ஸில் ரைட், வால், டாக் ஆகியனவும் விண்டோஸில் நெட் செண்ட், எம்எஸ்ஜி ஆகியனவும் இதற்கான கட்டளைகள். இன்று இவற்றைப் பயன்படுத்துவோர் குறைவு. ஆனால் இவை எந்த நம்பிக்கையின்மேல் எழுதப்பட்டன என்பது இன்னும் பழையதாகிவிடவில்லை. வலையமைப்புக்குள் வந்துவிட்டவர் வேண்டியவர்தான் என்பது அந்த நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 2019இல் திருநெல்வேலி மாவட்டம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் கண்டறியப்பட்ட ஊடுருவல்.

ரைட்டும் வாலும்

ரைட் கட்டளை 1971இல் பெல் ஆய்வகத்தில் வெளியான யுனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தது. அக்காலத்தில் கணினி ஒன்று, முனையங்கள் பல. பக்கத்து அறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க எழுந்து போக வேண்டாம் என்பதுதான் இதன் நோக்கம். கட்டளையோடு பயனர் பெயரைத் தட்டினால், அவர் திரையில் யார், எந்த முனையத்திலிருந்து, எத்தனை மணிக்கு என்ற அறிவிப்பு வரும். பின்பு அனுப்புபவர் தட்டும் ஒவ்வொரு வரியும் அங்கே போய் விழும். இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் வரிகள் குழம்பும். ஆகவே கம்பியில்லாக் கருவியில் பேசுவோரைப் போல, தன் முறை முடிந்ததும் 'ஓ' என்றும், பேச்சே முடிந்ததும் 'ஓஓ' என்றும் தட்டும் வழக்கத்தைக் கட்டளையின் கையேடே பரிந்துரைத்தது. நிரலால் தீர்க்காத சிக்கலைப் பழக்கத்தால் தீர்த்துக்கொண்ட அழகான இடம் இது.

அழகில்லாத இடமும் உண்டு. பெறுபவர் அப்போது ஒரு கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தால், வந்த வரிகள் அந்தக் கோப்பின் எழுத்துகளுக்கு நடுவிலேயே தோன்றும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது, திரைதான் கலையும். ஆனால் முதல்முறை பார்ப்பவருக்கு அது தெரியாது. யுனிக்ஸைப் பொறுத்தவரை முனையமும் ஒரு கோப்புதான். அதில் எழுதப் பிறருக்கு அனுமதி இருந்தால் யாரும் எழுதலாம். இந்த அனுமதியைத் திறக்கவும் மூடவும் மெஸ்க் என்ற கட்டளையும் முதல் பதிப்பிலேயே வந்தது. அதாவது, தொல்லை வரும் என்பது கட்டளையை எழுதியவர்களுக்கு அன்றே தெரியும். தெரிந்தும், பெரும்பாலான அமைப்புகளில் கதவு திறந்த நிலையிலேயே வைக்கப்பட்டது. வேண்டாதவர் தாமே மூடிக்கொள்ள வேண்டும்.

வால் கட்டளை உள்நுழைந்திருக்கும் அனைவருக்கும் ஒரே செய்தியை அனுப்புகிறது. சாதாரணப் பயனர் அனுப்பினால், கதவை மூடியவர்களுக்குப் போகாது. கணினியின் தலைமைப் பயனர் அனுப்பினால் மூடிய கதவுக்கும் உள்ளே போகும். கணினியை நிறுத்தப்போகும் முன் எச்சரிக்கை தருவதும் இந்த வழியில்தான். இவ்வகைக் கட்டளைகளில் ஐயமில்லாமல் பாராட்டத்தக்க கூறு இதுவே. பாதிக்கப்படப் போகிறவருக்கு முன்கூட்டிச் சொல்வது அந்த அமைப்பில் மேலிருப்பவரின் பொறுப்பு என்பதை அது நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறது.

1983இல் 4.2 பிஎஸ்டி பதிப்போடு வந்த டாக், திரையை இரண்டாகப் பிரித்து, இருவரும் எழுத்து எழுத்தாக ஒரே நேரத்தில் பேச வழிசெய்தது. வேறுவேறு கணினிகளுக்கு இடையிலும் பேசலாம் என்றார்கள். ஆனால் பைட்டுகளை அடுக்கும் வரிசை மாறுபட்ட கணினிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போனதால் நெறிமுறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழில் அனுப்பினால்

பிறர் திரையில் எழுத முடியும் என்றால், எழுத்துகளை மட்டுமல்ல, திரையை அழிக்கவும் நிறம் மாற்றவும் சுட்டியை நகர்த்தவும் செய்யும் மறைகுறிகளையும் அனுப்ப முடியும். இதைத் தடுக்க, ஐயத்துக்குரிய குறிகளை வடிகட்டி, தீங்கில்லாத வடிவில் காட்டும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அந்த வடிகட்டிக்கு ஐயமில்லாத எழுத்து என்பது ஆங்கில எழுத்துதான். லினக்ஸில் இக்கட்டளைகளைத் தரும் யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்து செய்தியாகப் போனால் எழுத்தாகப் போய்ச் சேராது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. 'அ' என்று அனுப்பினால் \340\256\205 என்று வரும். 'அம்மா' என்றால் 5 குறிகள், 15 பைட்டுகள், 15 எண் தொகுதிகள். பெறுபவருக்கு அது ஏதோ கணினிக் கோளாறு என்றே தோன்றும்.

பாதுகாப்புக்காக இந்த விலையைக் கொடுத்தாக வேண்டும் என்று வாதிடலாம். அந்த வாதத்தின் பலவீனம் 2024 மார்ச்சில் வெளிப்பட்டது. வால் கட்டளையோடு சேர்த்தே தட்டப்படும் செய்தி எந்த வடிகட்டலும் இல்லாமல் பிறர் திரைக்குப் போகிறது என்று கண்டறியப்பட்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 2.24 முதல் இந்தத் துளை இருந்துவந்தது, 2.40இல்தான் அடைக்கப்பட்டது. உபுண்டு 22.04 போன்ற அமைப்புகளில், கடவுச்சொல் கேட்பது போன்ற போலித் திரையை இன்னொருவருக்குக் காட்டி ஏமாற்ற இது இடம்தந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் எழுத்துகள் வாசலிலேயே மறிக்கப்பட, மறிக்க வேண்டிய மறைகுறி பின்பக்கமாகப் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது.

நெட் செண்ட்

விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி பதிப்புகளில் இருந்த நெட் செண்ட் இதே நம்பிக்கையை அலுவலக வலையமைப்புக்குக் கொண்டுவந்தது. கணினியின் பெயரோடு செய்தியைத் தட்டினால் அங்கே ஒரு சிறு பெட்டி திறக்கும். நட்சத்திரக் குறி போட்டால் எல்லாக் கணினிகளிலும் திறக்கும். அனுப்பியவர் பெயர் உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. இணையத்தோடு நேரடியாக இணைந்த வீட்டுக் கணினிகளிலும் இச்சேவை இயங்கியதால், 2002 வாக்கில் விளம்பரக்காரர்கள் அதற்குள் புகுந்தார்கள். 2003 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இச்சேவையில் இருந்த பெரிய பாதுகாப்புக் குறையைத் திருத்தியது. 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பில் இது இயல்பாகவே நிறுத்தப்பட்டது. விஸ்டாவில் நெட் செண்ட் இல்லை; கட்டுப்பாடு கூடிய எம்எஸ்ஜி மட்டும் எஞ்சியது.

சேவை நீக்கப்பட்டது, அதன் அடியில் இருந்த நம்பிக்கை நீக்கப்படவில்லை. செண்ட் என்பது நெட் என்ற கட்டளைக் குடும்பத்தின் ஒரு கிளை. அதன் இன்னொரு கிளையான நெட் யூஸ், வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியின் வட்டைத் தன் கணினியோடு இணைக்கிறது. நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால் போதும், தட்டுவது யார் என்று அது கேட்பதில்லை.

கூடங்குளத்தில்

2019 அக்டோபர் இறுதியில் டிட்ராக் என்ற தீநிரலின் ஒரு மாதிரி பொதுவெளிக்கு வந்தது. அது உலவியின் வரலாற்றைத் திரட்டியது. கணினியின் வலையமைப்பு அமைவு, திறந்துள்ள தொடர்புகள் ஆகியவற்றைச் சாதாரணக் கட்டளை வரிக் கட்டளைகளாலேயே கேட்டு எழுதிக்கொண்டது. பிறகு நெட் யூஸ் கட்டளையால் உள்வலையமைப்பின் வேறொரு கணினியை இணைத்து, திரட்டியதை அங்கே வைத்தது. இணைப்புக்கான பயனர் பெயரில் கூடங்குளம் நிலையத்தின் ஆங்கிலச் சுருக்கமும் நிர்வாகி என்ற சொல்லும் இருந்தன. கடவுச்சொல்லும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. ஆக, இந்த நிரல் எழுதப்படும் முன்பே அந்தச் சாவி வெளியார் கையில் இருந்திருக்கிறது. செய்தி அனுப்பும் கட்டளை எதுவும் இதில் இல்லை. ஆனால் உள்ளிருந்து வரும் கட்டளையைக் கேள்வி கேட்காத அதே குணம்தான் இங்கும் வேலை செய்தது. வாசல் கதவுக்கு இரும்புப் பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளறைச் சாவியை விளக்கு மாடத்தில் வைப்பது போன்றது இது.

அக்டோபர் 29 அன்று நிலையம் வெளியிட்ட அறிக்கை, கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்றது. எழுப்பப்பட்ட கேள்வியோ நிர்வாக வலையமைப்பைப் பற்றியது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், தன் அமைப்பில் தீநிரல் கண்டறியப்பட்டது சரியே என்று ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு பயனரின் கணினியே பாதிக்கப்பட்டது, முக்கியமான உள்வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டது என்பது அதன் விளக்கம். இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழு இதைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்ததாகவும் அதே அறிக்கை கூறியது.

அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தீநிரல் தொட்டதாகச் சான்று எதுவும் வெளிவரவில்லை. அந்தப் பிரிவினை வேலை செய்தது என்றே கொள்ளலாம். ஆனால் பிரிவினையைச் சொல்வது நிர்வாக வலையமைப்புக்குப் பதில் ஆகாது. ஊழியர் விவரங்களும் கடிதப் போக்குவரத்தும் ஒப்பந்தங்களும் எந்த நிறுவனத்திலும் இருப்பது அங்கேதான். யார் யாரிடம் எதற்குப் பேசுகிறார்கள் என்று அறிய விரும்புபவருக்கு அதுவே போதும். அங்கே ஒரு நிர்வாகியின் கடவுச்சொல் வெளியே போனது எப்படி என்பதை இரண்டு அறிக்கைகளும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4க்கும் அக்டோபர் 29க்கும் இடையே 55 நாட்கள். இடிந்தகரையிலும் கூடங்குளத்திலும் வாழ்பவர்களுக்கு, 2011 முதல் தாங்கள் கேள்வி கேட்டுவந்த நிலையத்தைப் பற்றிய இந்தச் செய்தி, அந்த 55 நாட்களிலும் நிலையத்திடமிருந்து வரவில்லை. அது முதலில் ட்விட்டரில் வந்தது, அதன் பிறகு மறுப்பாக வந்தது, ஒப்புதலாக வந்தது கடைசியில்தான்.