ஆடி போயிற்று, சுமை போயிற்றா?

திருமண மண்டபங்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் கழுத்தில் ஒன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டபடி அலையும் ஒளிப்படக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சுமப்பது பெரும்பாலும் டி.எஸ்.எல்.ஆர். காமிரா. "இனி இந்தச் சுமை எதற்கு? மிர்ரர்லெஸ் என்னும் ஆடியில்லாக் காமிராவுக்கு மாறிவிடுங்கள்" என்கின்றன விளம்பரங்கள். அதை நம்பி, கையிலுள்ள நல்ல லென்சுகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதியதற்குப் பெருந்தொகை கொடுப்போர் பலர். இந்தக் கூற்று எவ்வளவு தூரம் உண்மை? சற்று ஆராய்வோம்.

ஆடி எதற்காக வந்தது?

லென்சின் வழியே வரும் உருவத்தையே படம் எடுப்பவர் காண வேண்டும். அதே ஒளி பிலிமிலும் விழ வேண்டும். இதற்காகப் பிலிமுக்கு முன்னே 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடியை வைத்தனர். அது ஒளியை மேலே திருப்பும். அங்குள்ள ஐங்கோணப் பட்டகம் உருவத்தைச் சீராக்கிக் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும், ஷட்டர் திறக்கும், ஒளி பிலிமை அடையும்.

டிஜிட்டல் முறை வந்தபோது பிலிமின் இடத்தில் மின்னணு ஒளியுணரி அமர்ந்தது. ஆடியும் பட்டகமும் மட்டும் பழையபடியே நின்றன. ஒளியுணரி தான் காண்பதைத் தானே ஒரு சிறு திரைக்கு அனுப்ப வல்லது. ஆகவே ஆடி தேவையில்லை. இந்த எண்ணத்தின்படி பானசானிக் நிறுவனம் 2008-இல் ஜி1 காமிராவை வெளியிட்டது. 36 x 24 மி.மீ. அளவுள்ள முழு ஒளியுணரியுடன் சோனி 2013-இலும், நிக்கான், கேனன் ஆகியவை 2018-இலும் இவ்வழிக்கு வந்தன.

ஆடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் கேனனின் பழைய அமைப்பில் லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் ஒளியுணரிக்கும் இடையே 44 மி.மீ. தூரம் விடப்பட்டது. புதிய அமைப்பில் அது 20 மி.மீ. தான். நிக்கானில் 46.5 மி.மீ. 16 மி.மீ. ஆயிற்று. காமிராவின் உடல் மெலிந்ததற்கு இதுவே காரணம். இதுவரை விளம்பரம் சொல்வது மெய்.

தராசு சொல்வது என்ன?

ஆனால், லென்ஸ் இல்லாமல் எவரும் படம் எடுப்பதில்லை. 2016-இல் வந்த கேனன் 5டி மார்க் 4 மின்கலத்துடன் 890 கிராம். அதற்குரிய 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 805 கிராம். மொத்தம் 1,695 கிராம். 2020-இல் வந்த ஆடியில்லா ஆர்5 காமிரா 738 கிராம். அதே வகைப் புதிய லென்ஸ் 900 கிராம். மொத்தம் 1,638 கிராம். குறைந்தது 57 கிராம்! புதிய லென்சில் கைநடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு கூடுதலாக உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் கழுத்து அறிவது மொத்த எடையைத்தானே?

நிக்கானின் கணக்கு வேறு. டி850 காமிராவும் அதன் 24-70 மி.மீ. லென்சும் சேர்ந்து 2,075 கிராம். இசட்7 காமிராவும் அதன் லென்சும் 1,480 கிராம். ஏறத்தாழ 600 கிராம் குறைவு. இதில் காமிராவின் பங்கு 330 கிராம். எஞ்சிய 265 கிராம் லென்சில் குறைந்தது. பழைய லென்சினுள் இருந்த நடுக்கத் தணிப்பு, இங்கே காமிராவின் உடலுக்கு மாற்றப்பட்டிருப்பதை மறக்கலாகாது.

லென்ஸ் ஏன் எளிதில் சிறுப்பதில்லை? 200 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/2.8 துளையும் வேண்டுமானால், 200-ஐ 2.8 ஆல் வகுங்கள்: 71 மி.மீ. முன்புறக் கண்ணாடி இந்த அகலத்துக்குக் குறைய முடியாது. பின்னால் ஆடி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன? அகன்ற கோண லென்சுகளுக்கு மட்டும், கண்ணாடியை ஒளியுணரிக்கு அருகே கொண்டுசெல்ல முடிவதால், மெய்யான ஆதாயம் உண்டு.

உண்மையில் சுமையைக் குறைப்பது சிறிய ஒளியுணரியே. ஒலிம்பஸ் ஈ-எம்5 காமிராவும் அதன் 12-40 மி.மீ. எஃப்/2.8 லென்சும் சேர்ந்து 807 கிராம். அதன் ஒளியுணரி 17.3 x 13 மி.மீ.; முழு அளவின் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு. அதற்கேற்ப அது திரட்டும் ஒளியும் குறைவு. மங்கிய விளக்கொளியில் படம் சற்றுப் பொரியும். இதுவே அந்த இலேசுக்கு நாம் கொடுக்கும் விலை.

பெற்றதும் இழந்ததும்

அப்படியானால் ஆடியில்லாக் காமிரா வீணா? இல்லை. அதன் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. பழைய காமிராவில் குவியத்தை அளப்பது அடிப்பகுதியிலுள்ள தனி உணரி. அதற்கும் ஒளியுணரிக்கும் ஒளி செல்லும் தூரம் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பிசகினால் கண்ணுக்குப் பதில் காதுமடல் தெளிவாகும். ஆடியில்லாக் காமிராவிலோ படம் பதியும் இடத்திலேயே குவியமும் அளக்கப்படுகிறது. அந்தப் பிசகுக்கு இடமில்லை. படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதையும் முன்கூட்டியே காணலாம்.

இழப்புகளும் உண்டு. திரையும் ஒளியுணரியும் ஓயாமல் இயங்குவதால் மின்சாரம் விரைவில் தீரும். ஏறத்தாழ ஒரே திறனுள்ள மின்கலத்தில், பொதுச் சோதனை முறைப்படி டி850 எடுப்பது 1,840 படங்கள். இசட்7 எடுப்பது 330. எனவே பையில் கூடுதல் மின்கலங்கள் ஏறும். லென்சைக் கழற்றும்போது பல காமிராக்களில் ஒளியுணரி திறந்தபடி நிற்கும். நம் ஊர்ப் புழுதியில் இது சிறு தொல்லையன்று.

நீங்கள் மாறுவதாயின் எதற்காக மாறுகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஓடும் குழந்தையின் கண்ணைத் தவறாமல் பிடிக்க வேண்டுமா? மாறுவதில் பொருளுண்டு. அப்போதும் பழைய லென்சுகளை விற்க அவசரப்படாதீர்கள். கேனனின் இணைப்பு வளையம் 24 மி.மீ. தடிப்பும் 110 கிராம் எடையும் உள்ளது. ஆடி விட்டுச்சென்ற இடத்தை அது திருப்பித் தந்துவிடுகிறது. சுமை குறைவதே நோக்கமா? சிறிய ஒளியுணரியையோ சிறிய துளையுள்ள லென்சையோ நாடுங்கள். இரண்டும் வேண்டாமென்றால், இருப்பதை வைத்துக்கொள்வதே சிக்கனம்.

கடைக்குப் போகும்போது ஒன்றை மறவாதீர்கள்: காமிராவைத் தனியே கையில் வாங்கி எடை பார்க்காதீர்கள். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தப்போகும் லென்சை மாட்டிக் கேளுங்கள்.