பதினேழு நாள்

கோர்ட் தீர்ப்புகளைக் கதை மாதிரி படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. போன வாரம் மறுபடி எடுத்துப் படித்தது 'பௌல்ஸ் எதிர் ரஸ்ஸல்'. அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2007.

பௌல்ஸ், ஒஹையோ மாநிலத்தில் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட கைதி. தண்டனை தப்பு என்று ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். (கொலைக் கேஸாக இருந்தாலும் இந்த மனு அங்கே சிவில் கணக்கில்தான் சேரும். அப்பீலுக்கும் சிவில் கெடுதான்.) 2003 செப்டம்பரில் மனு தள்ளுபடி. அப்பீல் செய்ய 30 நாள். கோட்டை விட்டார். 'கெடுவை மறுபடி திறந்து விடுங்கள்' என்று டிசம்பரில் கேட்டார். 2004 பிப்ரவரி 10-ம் தேதி நீதிபதி சம்மதித்தார். சட்டப்படி அவர் தரக்கூடியது 14 நாள். அவரோ, என்ன நினைத்தாரோ, 17 நாள் கொடுத்து, '27-ம் தேதிக்குள்' என்று ஆர்டரே போட்டுவிட்டார். அப்பீல் 26-ம் தேதி தாக்கலானது.

நீதிபதி கணக்கில் ஒரு நாள் முன்னதாக. சட்டத்தின் கணக்கில் இரண்டு நாள் லேட்.

ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அப்பீல் போச்சு. காங்கிரஸ் சட்டமாக இயற்றிய கெடுவைத் தாண்டினால் கேஸை விசாரிக்கவே கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது; ஒரு நீதிபதியின் பிசகு அந்த அதிகாரத்தைக் கொண்டுவராது என்றார்கள். இந்த மாதிரி ஆசாமிகளைக் காப்பாற்ற அதே கோர்ட் அறுபதுகளில் வைத்திருந்த சலுகையையும் ரத்து செய்துவிட்டார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். வியர்க்காத நடை. தர்க்கமும் சுத்தம். ஆனால் நடுவில் ஓர் உதாரணம் தருகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்களும் கெடு விஷயத்தில் இதே கண்டிப்புதான் என்று காட்டுவதற்காக, ஒரு மரண தண்டனைக் கைதியின் கதை. மனு ஒரே ஒரு நாள் லேட். கோர்ட் குமாஸ்தா வாங்க மறுத்துவிட்டார். 2007 ஏப்ரல் 26-ல் தண்டனை நிறைவேறியது. அந்த மனுவைப் பார்க்கலாமே என்று எங்களில் ஒருத்தரும் சொல்லவில்லை என்கிறார். இதை வேறொருவர் கண்டனமாக எழுதியிருப்பார். இவர் சாட்சியமாக எழுதுகிறார்.

மாறுபட்ட நால்வருக்காக எழுதிய டேவிட் சூட்டருக்கு வியர்க்கிறது. நீதிபதி கைப்பட எழுதிக்கொடுத்த தேதியை நம்பியவனை இப்படி நடத்துவது சகிக்க முடியாதது என்கிறார். நம் ஊரில் இதற்கு 'ஆசை காட்டி மோசம் செய்வது' என்று பெயர். தாமஸின் தர்க்கத்தை அவர் முழுசாக உடைத்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு தீர்ப்புகளில் பௌல்ஸ் என்ற ஆள் கண்ணுக்குத் தெரிவது சூட்டருடையதில்தான்.

இன்னொரு விசித்திரம். 2017-ல் 'ஹேமர்' என்ற வேலைப் பாகுபாட்டு வழக்கு. அங்கேயும் நீதிபதி 30 நாளுக்கு மேல் தரக்கூடாத இடத்தில் சுமார் இரண்டு மாதம் கொடுத்துவிட்டார். இந்த முறை உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அப்பீலைக் காப்பாற்றிவிட்டது. காரணம், அந்த 30 நாள் வரம்பு கோர்ட் விதியில் மட்டும் இருந்தது, காங்கிரஸ் சட்டத்தில் இல்லை. பிசகு ஒன்றேதான், அச்சடித்த புத்தகம்தான் வேறு.

பௌல்ஸ் கேஸில் அந்த நீதிபதி ஏன் 17 என்று எழுதினார்? தீர்ப்பு முழுக்கத் தேடினேன். 'காரணம் விளங்கவில்லை' என்கிற அர்த்தத்தில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுத் தாமஸ் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்.